ஏழாவது கட்டத்துல இருந்த விலை

எங்க வீட்டுல உள்ள நுழைஞ்சதும் இடது பக்கம் செவுத்துல ஒரு ஆணி, அதுல ஒரு மஞ்சப்பை தொங்கும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல காய் போட்டுட்டு வர்ற ஒவ்வொரு தடவையும் கமிஷன் கடையில குடுக்கற சீட்டை அப்பா அதுக்குள்ள போட்டுருவாரு. எத்தனை பெட்டி, பெட்டி என்ன விலைக்குப் போச்சு, கமிஷன் எவ்வளவு, இறக்குக்கூலி எவ்வளவு, எல்லாம் கழிச்சு கைக்கு எவ்வளவுன்னு கார்பன் வச்சு எழுதுன சின்ன சீட்டு. பை ரொம்பிருச்சுன்னா வாயைக் கட்டி பரண்ல ஏத்திட்டு அடுத்த பையை மாட்டுவாரு. அந்த சீட்டைத் திரும்ப எடுத்துப் பாத்து நான் பாத்ததில்ல, தூக்கிப் போட்டும் பாத்ததில்ல.

நான் திண்டுக்கல்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். நாள் பூரா வவுச்சரை லெட்ஜரோட ஒத்துப் பாத்து டிக் போடறதுதான் வேலை. கோடிங் எல்லாம் படிச்சதில்ல, எக்செல் நல்லா வரும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஆளு எப்படி வெப் ஸ்கிரேப்பிங் (வெப்சைட்ல இருக்கற தகவலைத் தானா எடுத்து அடுக்கற வேலை) பக்கம் வந்தேன், அதுக்கு ரெடிமேடா கிடைக்கற ஸ்கிரிப்டை, அதாவது ஒருத்தர் எழுதி வச்ச சின்ன புரோகிராமை, எப்படித் தேடுனேன், அதுல எங்க ஏமாந்தேன்னு எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுகிட்டு இருந்தேன், ஏன்னா என்னை மாதிரி கோடிங் தெரியாம ஆனா டேட்டா வேணும்னு தேடிகிட்டு இருக்கறவங்க நெறைய பேர் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்.

2023 ஜூலையில தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டுனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், சென்னையில ரேஷன் கடையில வச்சு கிலோ 60 ரூபாய்க்குக் குடுத்தாங்க. அந்த சமயத்துல எங்க தோட்டத்துல தக்காளி இல்ல. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் பறிகூலிக்குக் கூட கட்டலைன்னு அப்பா செடியோட ஓட்டி விட்டுருந்தாரு. டிவியில அந்த விலையைப் பாத்துட்டு ஒண்ணுமே பேசாம எழுந்து வெளிய போய் உக்காந்துட்டாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தோணுனது, போன அஞ்சு வருஷமா எந்த மாசம் என்ன விலை போச்சுன்னு ஒரு தாள்ல இருந்தா அடுத்த நடவுக்காவது ஒரு யோசனை கிடைக்குமேன்னுதான். விலை ஏறும் இறங்கும்னு ஜோசியம் சொல்ல இல்ல, சும்மா கண்ணு முன்னாடி ஒரு வரிசையா இருந்தா போதும்.

விலை போடற தளங்கள் இருக்கு. ஆனா நான் பாத்துகிட்டு இருந்த தளத்துல அன்னைக்கு விலை மட்டும்தான் இருக்கும், மறுநாள் அது போயி புதுசு வந்துரும். அப்போ தினமும் போயி எடுத்து வைக்கணும். முதல் மூணு வாரம் நானே காலையில பஸ்ல வரும்போது போன்ல பாத்து நோட்ல எழுதுனேன். ஒரு நாள் பஸ்ல உக்கார இடம் கிடைக்கல, எழுதல. அப்புறம் ஆபீஸ்ல ரிட்டர்ன் ஃபைலிங் சீசன் வந்துச்சு, அதோட நின்னு போச்சு. கோயம்புத்தூர்ல ஐடியில இருக்கற சித்தி பையன்கிட்ட புலம்புனப்பதான் அவன் சொன்னான், "அக்கா நீங்க எதுக்கு கைல எழுதறீங்க, இதுக்குன்னு ஸ்கிரிப்ட் எழுதி கடை போட்டு வச்சிருக்காங்க, போயி தேடிப் பாருங்க"ன்னு.

கடைன்னு அவன் சொன்னது சரியான வார்த்தை. ஆப்பிஃபைன்னு ஒரு தளம் இருக்கு, செக் நாட்டுல பிராக் நகரத்துல 2015ல ஆரம்பிச்சது, அப்போ அதுக்குப் பேரு ஆப்பிஃபையர். அங்க ஸ்டோர்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல யார் யாரோ எழுதி வச்ச ஸ்கிரிப்ட் வரிசையா இருக்கும், அவங்க அதை ஆக்டர்னு கூப்பிடறாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபார்ம், அதுல எந்தப் பக்கம், எத்தனை வரி, என்ன தேதின்னு நிரப்பி ஸ்டார்ட் அமுக்குனா அவங்க கம்ப்யூட்டர்ல ஓடி டேட்டாவை எக்செலாவோ, சிஎஸ்வி, ஜேசன்னு வேற ஃபைல் வடிவமாவோ குடுக்கும். நம்ம லேப்டாப்பை மூடி வச்சுட்டுத் தூங்கலாம். ஆக்டோபார்ஸ்னு இன்னொண்ணு, அதுல டெம்ப்ளேட்னு பேரு. பேரு வேற வேறயா இருந்தாலும் சங்கதி ஒண்ணுதான், ஒருத்தர் ஒக்காந்து ஒரு வெப்சைட்டைப் படிச்சு எந்தத் தகவல் எங்க இருக்குன்னு கண்டுபுடிச்சு எழுதி வச்ச உழைப்பை நாம அப்படியே எடுத்துப் பயன்படுத்தறோம்.

இந்த யோசனை இன்னைக்கு வந்ததில்லன்னு தேடத் தேடத்தான் தெரிஞ்சுது. இங்கிலாந்துல லிவர்பூல் ஊர்ல இருந்து ஸ்கிரேப்பர்விக்கின்னு ஒண்ணு நடத்துனாங்க. பேருலயே விக்கி இருக்கு பாருங்க, விக்கிபீடியா மாதிரி ஒருத்தர் எழுதுன ஸ்கிரிப்ட் உடைஞ்சுதுன்னா அடுத்தவர் வந்து சரி பண்ணலாம், பிரவுசர்லயே எழுதி பிரவுசர்லயே ஓட விடலாம். அது அந்த வடிவத்துல நின்னு போனப்போ ஆஸ்திரேலியாவுல ஓப்பன் ஆஸ்திரேலியா ஃபவுண்டேஷன்காரங்க மார்ஃப் டாட் ஐஓன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அவங்க ஊர்ல எந்தத் தெருவுல என்ன கட்டடம் கட்ட அனுமதி கேட்டுருக்காங்கன்னு ஒவ்வொரு கவுன்சில் வெப்சைட்டா போயி எடுத்து அந்தந்தத் தெருக்காரங்களுக்கு மெயில் அனுப்பற வேலைக்கு அவங்களுக்கு நூத்துக்கணக்குல சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் வேண்டியிருந்துச்சு. ஸ்கிரிப்டோட கோடு, அதாவது அதுல எழுதுன கட்டளை எல்லாம், கிட்ஹப்ங்கற தளத்துல எல்லாரும் பாக்கற மாதிரி இருக்கும், தினமும் ஒரு தடவை ஓடும், ஒரு ஸ்கிரிப்ட் உடைஞ்சா அதை கவனிச்சுகிட்டு இருக்கறவங்களுக்கு மெயில் போகும். அந்த மெயில் விஷயத்தைப் படிச்சப்போ எனக்கு அது பெருசா படல. இப்போ கேட்டா அந்த மொத்த அமைப்புலயே எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான்னு சொல்லுவேன்.

இன்னொண்ணும் இருந்துச்சு, கிமோனோன்னு. மவுஸ்ல தொட்டுக் காட்டுனாலே டேட்டா எடுத்துக் குடுக்கும். 2016 பிப்ரவரியில பாலன்டியர்னு ஒரு அமெரிக்க டேட்டா கம்பெனி அதை வாங்குனாங்க, அந்த மாசத்தோடயே அந்த ஆன்லைன் சேவையை மூடிட்டாங்க. அது மேல கட்டி வச்சிருந்தவங்க எல்லாம் சில வாரத்துல வேற இடம் பாக்க வேண்டியதாப் போச்சு. இதைப் படிச்சதுல இருந்து எந்தத் தளத்துல ஓட்டுனாலும் டேட்டாவை அன்னன்னைக்கே நம்ம கைக்கு இறக்கிருவேன். ஆப்பிஃபையிலயே இலவசக் கணக்குன்னா பேரு வைக்காம விட்ட டேட்டா 7 நாள்ல அழிஞ்சுரும், தெரியாம இருந்தீங்கன்னா தெரிஞ்சுக்குங்க.

சரி, தேடுனதுக்கு வர்றேன். முதல் தடவை தேடற பெட்டியில காய்கறி விலைன்னு இங்கிலீஷ்ல அடிச்சேன், என்னென்னமோ வந்துச்சு, எனக்கு வேண்டியது வரல. கூகுள் மேப்ஸ்க்கு எத்தனை, இன்ஸ்டாகிராமுக்கு எத்தனை, அமேசானுக்கு எத்தனைன்னு எண்ணவே முடியல. எங்க கூட்டம் இருக்கோ அங்கதான் எழுதறவங்களும் இருப்பாங்க, அது நியாயம்தான், அவங்களுக்கும் காசு வரணும்ல. எங்க ஊர் காய்கறி விலைக்கு எவன் ஒக்காந்து எழுதுவான்னு மனசு சோர்ந்து போச்சு. அப்புறம் கத்துகிட்டது என்னன்னா, காயோட பேரைப் போட்டுத் தேடக் கூடாது, தளத்தோட முகவரியைப் போட்டுத் தேடணும். எழுதறவர் தமிழ்நாட்டைப் பத்தி யோசிச்சு எழுதியிருக்க மாட்டாரு, ஒரு வெப்சைட்டை நெனச்சு எழுதியிருப்பாரு, அதுல நம்ம மார்க்கெட்டும் ஒரு வரியா இருக்கும். அப்படித் தேடுனப்போ மூணு கிடைச்சுது. காய் பேரும் அவங்க வச்ச பேருதான், வெண்டைக்காயை பிண்டின்னு தேடணும்னு யாருக்குத் தெரியும்?

மூணுல எதை எடுக்கறதுன்னு முழிச்சேன். ஒண்ணுல விளக்கம் அழகா இருந்துச்சு, ஏகப்பட்ட வசதி எழுதியிருந்தாங்க, படம் எல்லாம் போட்டு. ஆனா கடைசியா கோடு மாத்துன தேதியைப் பாத்தா ஒன்றரை வருஷம் ஆகியிருந்துச்சு. இஷ்யூஸ்னு ஒரு பக்கம் இருக்கும், அங்க நாலு பேர் "வேலை செய்யல"ன்னு எழுதி வச்சிருந்தாங்க, ஒருத்தருக்கும் பதில் இல்ல. ரெண்டாவது மாச வாடகை கேட்டுச்சு, ஒரு மாசத்துக்கு அது கேட்ட காசுக்கு எங்க தோட்டத்துக்கு ரெண்டு ஆள் கூலி குடுக்கலாம். மூணாவதுல விளக்கமே ஏழெட்டு வரிதான். ஆனா மூணு வாரம் முன்னாடி கை வச்சிருக்காங்க, இஷ்யூஸ்ல யாரோ கேட்ட கேள்விக்கு மறுநாளே பதில் இருந்துச்சு. அதை எடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் நான் யாருக்கு சொன்னாலும் இதைத்தான் சொல்லுவேன், விளக்கத்தைப் படிக்கறதுக்கு முன்னாடி இஷ்யூஸைப் படிங்க, அங்க ஆள் இருக்காங்களான்னு பாருங்க. ஸ்கிரிப்ட்ங்கறது ஒரு தடவை வாங்கி வச்சுக்கற சாமான் இல்ல, வெப்சைட்காரங்க பக்கத்தை மாத்தற அன்னைக்கு அது உடையும், கண்டிப்பா உடையும், அப்போ கையைக் குடுக்க ஒருத்தர் இருக்கணும்.

நான் எந்தக் கடையில எடுத்தேன்னு இங்க எழுதல, ஏன்னா இனிமே சொல்லப் போறது அந்தக் கடையோட தப்பு இல்ல.

காசு விஷயம் கொஞ்சம் சொல்லிடறேன். ஆப்பிஃபையில இலவசக் கணக்குக்கு மாசம் 5 டாலர் அளவுக்கு ஓட்ட விடுவாங்க. அவங்க கணக்கு எப்படின்னா 1 ஜிபி மெமரியை 1 மணி நேரம் பயன்படுத்துனா ஒரு யூனிட், நம்ம கரண்ட் பில்லு யூனிட் மாதிரி. 4 ஜிபி மெமரி வச்சு கால் மணி நேரம் ஓட்டுனாலும் அதே ஒரு யூனிட்தான். நெறைய ஸ்கிரிப்ட் ஒரு முழு பிரவுசரையே உள்ள திறந்து பக்கத்தைப் பாக்கும், அதுக்கு மெமரி நெறைய வேணும். ஆனா விலைப் பட்டியல் மாதிரி சாதாரண டேபிள் இருக்கற பக்கத்துக்கு பிரவுசரே வேண்டியதில்ல, பக்கத்தோட எழுத்தை மட்டும் எடுத்தா போதும், 256 எம்பிலயே சில நொடியில முடிஞ்சுரும். சித்தி பையன் சொல்லித்தான் இது தெரியும். முதல் தடவையே ஆயிரம் வரி கேட்டு அமுக்கிறாதீங்க, அஞ்சு வரி கேளுங்க, அந்த அஞ்சையும் வெப்சைட்டைப் பக்கத்துல திறந்து வச்சு ஒத்துப் பாருங்க.

அஞ்சு வரி நல்லா வந்துச்சு. எக்செல்ல திறந்தேன், ஊர் பேரு எல்லாம் தமிழ்ல இருந்த இடத்துல ஒரே கிறுக்கலா, மேல கோடு போட்ட ஏ எழுத்தும் புள்ளியுமா இருந்துச்சு. ஸ்கிரிப்ட் கெட்டுப் போச்சுன்னு நெனச்சு அன்னைக்கு விட்டுட்டேன். அது ஸ்கிரிப்ட் தப்பே இல்ல, சிஎஸ்வியை டபுள் கிளிக் பண்ணி திறந்தா எக்செல் அது எந்த எழுத்து முறைன்னு தெரியாம பழைய முறையில படிக்கும். டேட்டா டேபுக்குப் போயி டெக்ஸ்ட் ஃபைல்ல இருந்து எடுன்னு குடுத்து, ஃபைல் ஒரிஜின்ங்கற இடத்துல 65001 யுடிஎஃப் 8ன்னு தேர்ந்தெடுத்தா தமிழ் தமிழா வரும். இந்த ஒரு நம்பர் தெரியாம எத்தனை பேர் தமிழ் டேட்டாவைக் குப்பைன்னு தூக்கிப் போட்டிருப்பாங்களோ.

அடுத்தது தேதி. தினமும் தானா ஓட நேரம் குறிச்சு வைக்கலாம், நான் விடிகாலை 5 மணின்னு வச்சேன். ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா எல்லா வரியும் ஒரு நாள் பின்னாடி இருக்கு. இந்திய நேரம் உலக நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் முன்னாடி, நமக்கு காலை 5 மணின்னா அங்க முந்தின நாள் ராத்திரி 11.30, ஸ்கிரிப்ட் அந்தத் தேதியைத்தான் எழுதி வச்சிருக்கு. ஓடற நேரத்தை மத்தியானத்துக்கு மாத்துனேன், சரியாப் போச்சு. இதெல்லாம் சின்ன விஷயம், பாத்த உடனே தப்புன்னு தெரியற விஷயம்.

பாத்தா தெரியாத தப்புதான் ஆளை விழ வைக்கும்.

ஏழு மாசம் ஓடுச்சு. நான் ஒரு தாள் செஞ்சேன், அப்பாவுக்குக் கண்ணு தெரியற மாதிரி பெரிய எழுத்துல, தக்காளி, சின்ன வெங்காயம், முருங்கை, கத்தரி நாலுக்கும் அன்னைக்கு விலை, போன வாரம் விலை. அந்தத் தளத்துல ஒவ்வொரு காய்க்கும் மூணு விலை போடுவாங்க, குறைஞ்ச விலை, அதிக விலை, மோடல் விலை. மோடல்னா அன்னைக்கு சரக்கு பெரும்பாலும் எந்த விலைக்குக் கை மாறுச்சோ அது. குறைஞ்சது அழுகல் கலந்த பெட்டிக்குப் போனதா இருக்கலாம், அதிகம் ஒரே ஒரு நல்ல லாட்டுக்குப் போனதா இருக்கலாம், நம்ம மாதிரி ஆளுக்கு நிஜ விலை மோடல்தான். அதனால எக்செல்ல மத்த ரெண்டு காலத்தையும் (காலம்னா மேல இருந்து கீழ போற கட்ட வரிசை) மறைச்சு வச்சுட்டு மோடலை மட்டும் அப்பா தாளுக்கு எடுத்தேன், குவின்டாலுக்குப் போட்டிருக்கறதை நூறால வகுத்து கிலோவாக்கி. அப்பா சாயந்திரம் அதைப் பாத்துட்டு ஒரு தடவை தலையை ஆட்டுவாரு. அவ்வளவுதான், ஆனா பாக்காம ஒரு நாளும் இருக்க மாட்டாரு.

ஒரு புதன்கிழமை நான் வேலை முடிச்சு வர்றப்போ அப்பா வாசல்ல நின்னுகிட்டு இருந்தாரு. கையில என் தாள், இன்னொரு கையில சீட்டு.

"ஏங்கண்ணு, இது கிலோ இருபத்தெட்டுன்னுதான போட்டிருக்கு?"

"ஆமாப்பா."

"நான் பெட்டி எரநூத்தி எம்பதுக்குப் போட்டுட்டு வந்துருக்கேன்."

எங்க பக்கம் தக்காளி 14 கிலோ பெட்டி. கிலோ 20 ரூபாய் ஆச்சு. நான் மனசுல கணக்குப் போடறதுக்குள்ள அப்பா சொன்னாரு, நேத்தும் இப்படித்தான், போன வாரமும் இப்படித்தான், மூணு வாரமா உன் தாளுக்கும் சீட்டுக்கும் ஒத்து வரல, நான் உங்கிட்ட சொல்லலன்னு. அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "இன்னைக்கு அண்ணாச்சிகிட்ட கேட்டுட்டேன்"னாரு.

அண்ணாச்சியோட கமிஷன் கடையில எங்க தாத்தா காலத்துல இருந்து காய் போடறோம். என் படிப்புக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட முன்பணம் குடுத்த கடை. எங்க வீட்டு விசேஷம் ஒண்ணு விடாம வந்து நின்ன மனுஷன். அவர்கிட்ட எங்க அப்பா எல்லார் முன்னாடியும் தாளை நீட்டி, "வெளியில இருபத்தெட்டு போகுது, எனக்கு மட்டும் ஏன் இருபது"ன்னு கேட்டுட்டு வந்திருக்காரு. அவர் பதில் பேசலையாம். "உங்களுக்கு அப்படித் தோணுச்சுன்னா வேற கடை பாத்துக்குங்க"ன்னு மட்டும் சொன்னாராம்.

நான் செருப்பைக் கூட கழட்டல, அப்படியே உக்காந்து லேப்டாப்பைத் திறந்தேன். ஓடுன பட்டியல்ல எல்லா நாளும் பச்சை டிக், ஒரு நாள் கூட ஃபெயில் இல்ல. வரி எண்ணிக்கையும் சரி. மறைச்சு வச்சிருந்த காலத்தைத் திறந்தேன். குறைஞ்ச விலைங்கற காலத்துல வரிசையா ஒரு எண்ணும் இல்ல, மேல இருந்து கீழ வரைக்கும் எஃப்ஏகியூ, எஃப்ஏகியூ, எஃப்ஏகியூ.

எஃப்ஏகியூன்னா ஃபேர் ஆவரேஜ் குவாலிட்டி, சுமாரான நல்ல தரம்னு சரக்குக்குக் குடுக்கற பேரு. விலை இருக்க வேண்டிய இடத்துல தரம் வந்து ஒக்காந்திருக்கு. மேல ஏத்திகிட்டே போனேன், 19 நாள் முன்னாடி வரைக்கும் அப்படி, அதுக்கு மேல எல்லாம் எண். வெப்சைட்டைத் திறந்து பாத்தேன். முன்னாடி அந்த டேபிள்ல தேதி, சந்தை, காய், ரகம், குறைஞ்ச விலை, அதிக விலை, மோடல் விலைன்னு ஏழு கட்டம். இப்போ ரகத்துக்கு அடுத்து தரம்னு ஒரு கட்டம் புதுசா சேர்த்திருக்காங்க, எட்டாயிருச்சு. ஸ்கிரிப்ட் தலைப்பைப் பாத்து எடுக்கல, ஏழாவது கட்டத்தை எடு அதுதான் மோடல்னு அதைச் செஞ்சவர் எழுதியிருந்திருக்காரு. ஏழாவது இப்போ அதிக விலை. அப்பாவுக்கு 19 நாளா நான் குடுத்தது மார்க்கெட்லயே ஒசந்த லாட்டு போன விலை.

தளத்துக்காரங்க மேல தப்பு இல்ல, கூடுதலா ஒரு விவரம் குடுத்தாங்க. எழுதுனவர் மேலயும் எனக்குக் கோபம் வரல. ஆப்பிஃபை ஸ்டோர்ல எல்லாம் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் தினமும் தானா ஓட்டிப் பாக்கற ஒரு டெஸ்ட் இருக்கு, ஓட்டம் நல்லபடியா முடிஞ்சுதா, டேட்டா காலியா இல்லாம வந்துச்சா, 5 நிமிஷத்துக்குள்ள வந்துச்சான்னு பாக்கும், தொடர்ந்து 3 நாள் ஃபெயில் ஆனா பராமரிப்புல இருக்குன்னு முத்திரை குத்திருவாங்க. நல்ல ஏற்பாடு. ஆனா வந்த டேட்டா சரியான டேட்டாவான்னு அந்த டெஸ்டால சொல்ல முடியாது, இருபத்தெட்டும் ஒரு எண்தான், இருபதும் ஒரு எண்தான். அதைப் பாக்கற இடத்துல நான் இருந்தேன். ஆபீஸ்ல ஒரு டீக்கடை வவுச்சரைக் கூட ஒத்துப் பாக்காம டிக் போடாதவ, எங்க அப்பா தாளுக்கு ஏழு மாசத்துல ஒரு நாள் கூட மஞ்சப்பையில இருந்த சீட்டை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாக்கல. ஆணி அங்கயேதான் இருக்கு, தினமும் அதைத் தாண்டித்தான் உள்ள வர்றேன்.

மறுநாள் ஆபீஸ்க்கு அரை நாள் லீவு சொல்லிட்டு அப்பாவைக் கூட்டிகிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். காலையில பத்து மணி இருக்கும், கேரளா லாரிக்கு ஏத்தற நேரம், நடக்க வழி இல்ல. அண்ணாச்சி கல்லாவுல உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்ததும் "வாம்மா"ன்னாரு, அப்பாவைப் பாத்து ஒண்ணும் சொல்லல. நான் லேப்டாப்பைத் திறந்து காட்டி, "அண்ணாச்சி, தப்பு என்னோடது, நான் எடுத்த கணக்குல கட்டம் மாறிப் போச்சு, அப்பா அதை நம்பித்தான் உங்களைக் கேட்டுட்டாரு"ன்னு சொன்னேன். அவர் ஸ்கிரீனைப் பாக்கல. அவரோட பேரேட்டை எடுத்து முந்தின நாள் பக்கத்தைத் திருப்பி விரலை வச்சுக் காட்டுனாரு. ஒரே ஒரு வரி, 12 பெட்டி, 392 ரூபாய். கிலோ இருபத்தெட்டு. "இது ஒருத்தரு கொண்டாந்தது, கல்லு மாதிரி காய், ஹோட்டலுக்குன்னு தூக்கிட்டாங்க. மத்தது பூரா பாரு"ன்னாரு. மத்தது பூரா 270, 280, 290. அந்தப் பக்கத்துல எங்க விரல் வச்சாலும் பெரும்பாலும் 280. மோடல் விலைன்னா என்னன்னு நான் இன்டர்நெட்ல படிச்சு அப்பாவுக்கு சொன்னதை விட அந்தப் பேரேடு தெளிவா சொல்லுச்சு.

அப்பா, "மனசுல வச்சுக்காதீங்க"ன்னாரு. அண்ணாச்சி டீ சொன்னாரு. அதுக்கு மேல அவங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசல, ஆனா பழைய மாதிரி ஆக ஒரு மாசம் பக்கம் ஆச்சுன்னு எனக்குத் தெரியும், ஏன்னா அந்த மாசம் பூரா அப்பா சீட்டை வாங்குன உடனே எண்ணிப் பாக்காம பாக்கெட்ல வச்சுகிட்டாரு, அதுக்கு முன்னாடி அவர் அப்படி இல்ல.

அன்னைக்கு ராத்திரி இஷ்யூஸ் பக்கத்துல எழுதுனேன். வேலை செய்யலன்னு ஒரு வரி மட்டும் போட்டா ஸ்கிரிப்ட் எழுதுனவருக்கு ஒண்ணும் புரியாது, அதனால எந்தத் தேதியில இருந்து, எந்தப் பக்கம், வெப்சைட்ல இருக்கற ஒரு வரி, ஸ்கிரிப்ட் குடுத்த அதே வரி, ரெண்டுக்கும் படம், என்னோட ஓட்டத்தோட இணைப்பு எல்லாம் போட்டேன். அவர் எந்த நாட்டுக்காரர்னு கூட எனக்குத் தெரியாது. ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு. மன்னிப்புக் கேட்டுட்டு, இனிமே கட்டத்தோட எண்ணை வச்சு எடுக்காம தலைப்போட பேரை வச்சு எடுக்கற மாதிரி மாத்திட்டேன், தலைப்பு கிடைக்கலன்னா ஓட்டமே ஃபெயில் ஆயிரும்னு எழுதியிருந்தாரு. ஃபெயில் ஆகறது எவ்வளவு நல்லதுன்னு அப்போதான் எனக்கு உறைச்சுது. சிவப்பு வந்தா நான் எந்திரிச்சுப் போயி பாப்பேன்ல.

என் எக்செல்லயும் ஒரு காலம் சேர்த்தேன். குறைஞ்ச விலை எண்ணா இருக்கா, மோடல் குறைஞ்சதுக்கும் அதிகத்துக்கும் நடுவுல இருக்கா, நேத்தைக்கும் இன்னைக்கும் பாதிக்கு மேல வித்தியாசம் இருக்கா, இந்த மூணுல ஒண்ணு தப்புனாலும் வரி சிவப்பாகும், சிவப்பு இருந்தா அப்பா தாளுக்குப் போகாது. அந்த முதல் கேள்வி மட்டும் முன்னாடியே இருந்திருந்தா ஒரே நாள்ல புடிச்சிருக்கலாம். அப்புறம் இன்னொரு விஷயம், அரசாங்கத்தோட சந்தை விலைத் தளமான அக்மார்க்நெட் விலைகள் டேட்டா டாட் கவ் டாட் இன் தளத்துல ஏபிஐயாவே (புரோகிராம் நேரா கேட்டு டேட்டா வாங்கற வழி) கிடைக்குது, பதிவு பண்ணா சாவி இலவசம், அதுல வர்றதுக்கு ஸ்கிரேப்பிங்கே வேண்டாம். இதை நான் முதல்லயே தேடியிருக்கணும். ஸ்கிரிப்ட் தேடறதுக்கு முன்னாடி தளத்துக்காரங்களே நேரா குடுக்கறாங்களான்னு தேடுங்க. இப்போ ரெண்டையும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கறேன்.

இதைக் கேள்விப்பட்டு ஆபீஸ்க்கு வர்ற ஒரு கிளையன்ட், இதே மாதிரி கடைப் பட்டியல் தளத்துல இருந்து ஆளுங்க போன் நம்பர் எல்லாம் எடுத்துக் குடுங்கன்னு கேட்டாரு. அதுக்கும் ரெடிமேடா ஸ்கிரிப்ட் இருக்கு, நெறையவே இருக்கு. நான் முடியாதுன்னுட்டேன். தக்காளி விலை யாரோட சொந்த விஷயமும் இல்ல, ஒருத்தரோட நம்பர் அப்படி இல்ல. 2023ல தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு, 2000ல வந்த ஐடி சட்டத்தோட 43வது பிரிவுல அனுமதி இல்லாம கம்ப்யூட்டர்ல இருந்து டேட்டாவை நகல் எடுக்கறதைப் பத்தியே இருக்கு. ஸ்டோர்ல விக்கறாங்கங்கறதால அதை ஓட்டலாம்னு ஆயிராது, அமுக்கறது நம்ம விரல். தளத்தோட விதிமுறையையும், தானா வர்ற ஸ்கிரிப்ட் எந்தப் பக்கம் போகலாம் போகக் கூடாதுன்னு தளத்துக்காரங்க எழுதி வைக்கற ரோபாட்ஸ் ஃபைலையும் படிச்சுட்டு, ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு பக்கம், அவ்வளவுதான் நான் எடுக்கறது.

அந்த 19 நாள் என்ன ஆச்சுன்னு சொல்லணும். குறைஞ்ச விலையும் அதிக விலையும் தப்பான காலத்துல இருந்தாலும் எண்ணு பத்திரமா இருந்துச்சு, இடம் மாத்தி வச்சுட்டேன். மோடல் மட்டும் எட்டாவது கட்டத்துல இருந்ததால ஸ்கிரிப்ட் அதைத் தொடவே இல்ல, தளத்துலயும் அந்த நாளெல்லாம் போயிருச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை மஞ்சப்பையை ஆணியில இருந்து எடுத்துத் திண்ணையில கொட்டி, அப்பாவும் நானும் உக்காந்து தேதி பாத்து அடுக்குனோம். அப்பா தேதியைப் படிக்க, நான் எழுதி டிக் போட்டேன். அந்த 19 நாள்ல அவர் தக்காளி போட்டது 7 நாள். அந்த ஏழுக்கும் நேரா "அப்பா சீட்டு"ன்னு குறிச்சு அவர் வித்த விலையை எழுதியிருக்கேன், மோடல்னு எழுதல, ஏன்னா அது மோடல் இல்ல. மீதி 12 நாள் காலியாவே இருக்கு.